குமாரதாஸின் வலப்பக்கம்

“டேப்ப நல்லா கிட்டத்தில காட்டு. ஒருக்கா பிரிச்சிட்டு மறுபடி ஒட்டினது போல இல்லியா?”

மாடி வராந்தாவில் வெயில் நேராக விழும் இடத்தில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுக் குமாரதாஸ் அதைச் சுற்றி வருகிறார். மனைவி பிந்து கைப்பேசியில் படம் பிடிக்கிறார். பெட்டியின் எல்லாப் பக்கமும் படத்தில் வந்தாக வேண்டும். அடிப்பக்கம் தெரிவதற்காக அவரே பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் விரித்து வைப்பார். தேதிக்கு அது சாட்சி. அதற்குப் பிறகுதான் பிளேடு வெளியே வரும்.

“வீடியோ இல்லாம பிரிச்சா, உள்ள செங்கல்ல வச்சு அனுப்பீட்டு நாமதான் மாத்தினோம்னு பறைவான்.”

“யார் பறைவா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எல்லாவனும்தான் சாறே.”

குழித்துறைப் பாலத்திலிருந்து சந்தைக்குப் போகிற சாலையில், ஒரு பேக்கரியின் மாடியில் எதிரெதிராக இரண்டு அறைகள். ஒன்றில் உட்கார்ந்து நான் வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக்கொடுக்கிறேன். மற்றது குமாரதாஸின் ‘மாயலோகம்’. முகத்தில் பாதியை மூடும் பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் பிடியைப் பற்றிக்கொண்டு, எதிரே இல்லாத பேயை வெட்டுகிற விளையாட்டுக்கூடம். நடுவில் ரப்பர் பாய். ஆள் சுவரில் போய் மோதாமலிருக்க இடுப்பளவில் சுற்றிலும் கயிறு. கண்ணாடி மாட்டியவுடன் மனிதர்கள் மாறிப்போவதை நான் என் மேசையிலிருந்தே பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதுப்பெண் மாப்பிள்ளையை மறந்துவிட்டு அம்பு விடுகிறாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மலையுச்சியிலிருந்து கீழே பார்த்துவிட்டு ரப்பர் பாயில் உட்கார்ந்து, “நான் வரல்ல, நான் வரல்ல” என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

குமாரதாஸ் இதற்கெல்லாம் சிரிப்பதில்லை. அவர் பார்ப்பது வேறு. அந்தச் சின்ன அறையின் நான்கு மூலையிலும் காமிரா. வராந்தாவில் ஒன்று, படிக்கட்டில் ஒன்று, சாலையைப் பார்த்து ஒன்று. சுவரோடு முதுகை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, திரையில் அத்தனை கட்டங்களையும் பார்த்தபடி இருப்பார். முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்க இடமில்லாத நாற்காலி அது. பேக்கரியிலிருந்து வரும் டீயை முதலில் மோந்து பார்ப்பார். ரசவடையைப் பிட்டுப் பார்த்துவிட்டு, “நேத்துள்ளதாக்கும்” என்பார். கடைக்காரர் கண்ணெதிரே எண்ணெயிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தாலும் அதே பேச்சுத்தான்.

குவைத்தில் ஒரு வணிக வளாகத்தின் நிலவறையில் காமிராத் திரைகளைப் பார்ப்பதுதான் நெடுங்காலம் அவருடைய வேலை. ஜனங்கள் வருவார்கள், போவார்கள், நின்று பேசுவார்கள். படம் மட்டும்தான், சத்தம் கிடையாது.

“சத்தம் இல்லாம பாத்தா எல்லாவனும் களவாணி போலத்தான் இருப்பான் சாறே. ஒருத்தன் சட்டப்பைய தொடுகான். என்னத்துக்குத் தொடுகான்? ரெண்டுபேரு சிரிக்கானுவ. யாரப் பாத்துச் சிரிக்கானுவ? அத நாமதான் கண்டுபிடிக்கணும்.”

ஊருக்கு வந்த பிறகும் அவர் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். சந்தையில் நடந்து போகும்போது திடீரென்று நின்று முழு உடம்போடும் திரும்பிப் பார்ப்பார். பின்னால் கருவாட்டுக்காரியும் வாங்க வந்தவளும் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். “என்னத்தயோ நம்மள பறஞ்சாளுவ” என்று கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி திரும்புவார். பிந்து தொலைபேசியில் சிரித்தால், சிரித்த காரணம் தெரிந்தாக வேண்டும். நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பது தெரிந்த நாளிலிருந்து என்மேலும் ஒரு கண்.

“என்னப் பத்தி எழுதினா படம் போடப்பிடாது, கேட்டேளா. படத்த எடுத்து வேற எதிலயாவது ஒட்டுவானுவ.”

இந்தச் சந்தேகத்துக்குப் பிந்து கொடுத்த விலைதான் பெரியது. அவருடைய தம்பி அனில்குமார் சுசீந்திரத்தில் புதிதாக வீடு கட்டினார். அந்த வீட்டுக்கு வரைபடம் போட்டவன் நான்தான். புதுவீடு குடிபுகும் பால்காய்ப்பு அன்று, முற்றத்துப் பந்தலில் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது ஏதோ நடந்தது. எழுந்து நின்ற குமாரதாஸ், பிந்துவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாப்பிடாமல் ஊர் திரும்பிவிட்டார். “எனக்க பொறத்த நின்னு என்னமோ பறஞ்சு மொத்தப் பேரும் சிரிச்சானுவ. அவனுக்க வீட்டில இனி நான் காலு குத்தமாட்டேன். நீயும் குத்தப்பிடாது.” இது அவர் தரப்பு. அனில்குமார் சொன்னது வேறு. “அத்தான்தான் மொதல்ல பாலு குடிக்கணும்னு பக்கத்தில போய் ரெண்டு மட்டம் கூப்பிட்டேன். கேட்டும் கேக்காதது போல மொகத்த நேர வச்சிட்டு இருந்தாரு. அத்தான் பெரிய ஆளாயிட்டாருன்னு யாரோ சொன்னாவ. எல்லாரும் சிரிச்சாவ. நானும் என்ன செய்ய, வெக்கமாப் போச்சு.”

அனில்குமார் தோவாளையிலிருந்து பூ ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் போகிற வேன் ஓட்டுகிறார். தினமும் எங்கள் கட்டடத்தின் முன்னால்தான் போயாக வேண்டும். அந்த நேரத்தில் பிந்துவுக்கு வராந்தாவில் ஏதாவது வேலை இருக்கும். காயாத துணியைத் தொட்டுப் பார்ப்பார். பெருக்கிய இடத்தைப் பெருக்குவார். வேன் வேகம் குறைந்து ஊர்ந்து போகும். நிற்காது. உள்ளே திரையின் முன்னால் இருந்து குமாரதாஸின் குரல் வரும்: “இன்னைக்கும் மெதுவாப் போவுகான். நோட்டம் விடுகான்.”

இப்படிப்பட்டவரிடம்தான் சத்தம் ஒரு பிரச்சினையாக வந்து சேர்ந்தது.

விளையாட்டுக் கண்ணாடியிலேயே காதுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர்கள் உண்டு. சாதாரண நாட்களில் அது போதும். ஆடி அமாவாசையையொட்டி நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சிக்கு ஊரே திரண்டபோது மாயலோகத்திலும் கூட்டம். வரிசையில் நிற்பவர்களின் பேச்சு, கீழே பேக்கரி, சாலையில் ஹாரன். “பேய் வந்ததே தெரியல்ல, என்னத்தக் களிக்க?” என்று வந்தவர்கள் முறையிட்டார்கள். ஒன்று, காதை மூடும் நல்ல ஹெட்போன் வாங்க வேண்டும். இல்லையென்றால் அறையின் சுற்றுச்சுவர்களில் சரவுண்ட் ஸ்பீக்கர் வைக்க வேண்டும். எதை வாங்குவது?

நாகர்கோவிலில் ஒலிக்கருவிகள் விற்கும் ஸ்ரீஜித் நேரில் வந்து அறையைப் பார்த்துவிட்டு, ஹெட்போனே நல்லது என்றார். தலை திரும்பினால் சத்தமும் கூடவே திரும்பும், அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இராது, செலவும் குறைவு.

இந்தக் கடைசிக் காரணம்தான் காரியத்தைக் கெடுத்தது. ஸ்ரீஜித் படியிறங்கியதும் குமாரதாஸ் என் அறைக்கு வந்தார்.

“வியாபாரி ஒருத்தன் வெல கொறஞ்சத வாங்குன்னு பறையுகான். இதில என்னமோ உண்டு.”

“உங்களுக்கு நல்லதுதானே சொல்லுகாரு?”

“அதத்தான் நானும் சொல்லுகேன். எனக்கு நல்லது செய்ய அவன் யாரு?”

ஹெட்போனைப் பற்றி அவருக்கு வேறு பயங்களும் இருந்தன. ஒருவர் வியர்வை மற்றவருக்கு. பேன். காதுச் சீழ். இவற்றையெல்லாம்விடப் பெரிய பயம் ஒன்று. “கண்ணக் கெட்டியாச்சு. காதயும் பொத்தினா அந்த ஆளு நடுமுறியில பொணம் போலல்லியா நிப்பான்? அவனுக்க பர்ஸ எவனாவது எடுத்தா பழி ஆருக்கு? எனக்கு.” அறையை அவர்கள் பேச்சில் முறி என்பார்கள்.

ஆக, ஸ்பீக்கர்தான் முதலில் வந்தது. பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. சுவருக்கு ஒன்றாகக் கறுப்புப் பெட்டிகளை மாட்டிவிட்டு ஸ்ரீஜித் போனார். சோதனைக்கு முதல் ஆளாக ஷைஜாவை அழைத்தார்கள். சந்தைமுக்கில் மருந்துக்கடை வைத்திருப்பவர், பேய்வீட்டு விளையாட்டில் தேர்ந்தவர். கண்ணாடியை மாட்டிய கொஞ்ச நேரத்தில் கழற்றிவிட்டார்.

“அண்ணா, இது செரியாவாது. பேயி வலத்தோட்டு நிக்கு. சத்தம் கேட்டு அங்ஙன திரும்பினா பேயி நேர இருக்கு, சத்தம் இடத்தோட்டுப் போவுகு. எனக்குத் தல சுத்துகு.”

விஷயம் எளிமையானதுதான். ஷைஜா வலப்பக்கம் திரும்பினால் கண்ணாடிக்குள் பேய் நேரெதிரே வந்துவிடும். விளையாட்டும் சத்தத்தை எதிர்ச்சுவர் ஸ்பீக்கருக்கு மாற்றிவிடும். ஆனால் எதிர்ச்சுவர் அப்போது ஷைஜாவின் இடப்பக்கம் இருக்கிறது. தலை திரும்புகிறது, சுவர் திரும்புவதில்லை. நானும் மாட்டிப் பார்த்தேன். ஷைஜா சொன்னது சரி. குமாரதாஸ் கண்ணாடியை வாங்கிக் கண்ணில் வைத்து இப்படியும் அப்படியும் திரும்பினார்.

“ஒரு கொழப்பமும் இல்லியே. எனக்கு எல்லாம் ஒண்ணுபோலத்தான் கேக்குது.”

ஷைஜா போன பிறகு, அந்தப் பெண் ஸ்ரீஜித்துக்குத் தெரிந்தவளாக இருப்பாளோ என்று என்னிடம் விசாரித்தார். ஆனால் கீழே பேக்கரியில் யாரோ குழந்தைக்குப் பிறந்தநாள் கேக் வாங்க வந்தபோது, மேலேயிருந்து பிணங்கள் உறுமுகிற சத்தம் கூரையை அதிரவைத்ததாம். குழந்தை அழுது, கேக்கை வாங்காமலே போய்விட்டார்கள். பேக்கரிக்காரர் மாடியேறி வந்து நின்றார். ஸ்பீக்கர்கள் இறங்கின. ஹெட்போன் வந்தது.

முதல் ஹெட்போனைப் பிரித்த அன்று வராந்தாவில் நான் இருந்தேன். குமாரதாஸ் அதைத் தலையில் மாட்டி, கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டார். முகம் சுருங்கியது.

“வலது பக்கம் செத்துக் கெடக்கு.”

பிந்து கை நீட்டினார். “இஞ்ச தாருங்க, நான் பாக்கேன்.”

“தொடாத! வேற ஆளு காதில வச்சா உபயோகிச்ச சாதனம்னு திருப்பி எடுக்கமாட்டான்.”

அதே நிமிடத்தில் அது பெட்டிக்குள் போய், பெட்டி டேப்புக்குள் போனது. ஸ்ரீஜித் மாற்றிக் கொடுத்தார். இரண்டாவதும் வலது பக்கம் பேசவில்லை. அதுவும் போனது. இந்த முறை, அனுப்பியதையே திருப்பி அனுப்பினால் கண்டுபிடிப்பதற்காக, உட்புறத்தில் பிந்துவின் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தார். மூன்றாவது வேறு நிறுவனத்தின் ஹெட்போன். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் அவர் சுற்றிச்சுற்றி வந்தாரே, அது. அதை மாட்டிக் கேட்டதும் அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. பிடித்துவிட்ட நிம்மதி இருந்தது.

“பாத்தேளா சாறே? கம்பெனி வேற, வலது பக்கம் மட்டும் அப்பிடியே. கடையில வச்சே ஒயர வெட்டுகான். எனக்கு ஸ்பீக்கர் வேண்டான்னு சொன்னதில உள்ள வெப்புராளம்.” வெப்புராளம் என்றால் ஆற்றாமை, வயிற்றெரிச்சல்.

எனக்கு அப்போதே லேசாக ஏதோ உறுத்தியது. பிந்துவைப் பார்த்தேன். அவர் கைப்பேசியைக் கீழே இறக்காமல், படம் பிடிப்பதையும் நிறுத்தாமல், அதன் மேல்விளிம்புக்கு மேலாகக் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஸ்ரீஜித் தானே கிளம்பி வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனாலும் கொதித்துப்போயிருந்தார். படியேறி வரும்போதே சத்தம்.

“அண்ணாச்சி, நான் இந்தத் தொழில்ல இருவது வருசமா நிக்கேன். ஒயர வெட்டினேன்னு எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடுதியளே, நியாயமா? திருப்பி அனுப்பின ரெண்டயும் கொண்டாந்திருக்கேன். நகப்பாலிசுப் புள்ளி இன்னா இருக்கு. சார் வாருங்க. நீங்களே சாட்சி.”

அவர் மாட்டிக் கேட்டார். “ரெண்டு பக்கமும் கேக்குது.” என்னிடம் தந்தார். நான் கேட்டேன். இரண்டு பக்கமும் தெளிவாக இருந்தது. சொன்னேன்.

குமாரதாஸ் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “சாறும் இவனும் எப்பம் பேசி வச்சிய?”

பிந்து முன்னால் வந்து ஹெட்போனை என் கையிலிருந்து வாங்கினார். இந்த முறை “தொடாத” என்று குமாரதாஸ் சொல்லவில்லை. பிந்து மாட்டிக்கொண்டு, பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு கணவரிடம் போனார்.

“குனியுங்க.”

அவரே மாட்டிவிட்டார். “எந்தப் பக்கம் கேக்குது?”

குமாரதாஸ் இடது காதைத் தொட்டுக் காட்டினார். “இதத்தானே நான் தொண்ட கீறக் கத்துகேன்.”

பிந்து ஹெட்போனைக் கழற்றினார். வலது பக்கம் இடது காதுக்கு வரும்படி திருப்பினார். மறுபடி மாட்டினார்.

“இப்பம்?”

குமாரதாஸின் கை எழுந்தது. பாதி வழியில் நின்றது. பிறகு மெதுவாகப் போய் அதே இடது காதைத் தொட்டது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் தானாகவே ஹெட்போனைக் கழற்றி, திருப்பி, மாட்டினார். மறுபடி கழற்றினார், திருப்பினார், மாட்டினார். வேறு ஹெட்போனை எடுத்தார். அதையும் திருப்பிப் பார்த்தார். ஸ்ரீஜித்தின் கோபம் எங்கேயோ போய்விட்டது. அவர் தன் செருப்பையே பார்த்தபடி நின்றார்.

“எல்லாரும் போங்க” என்றார் குமாரதாஸ். “முறிய அடைக்கணும்.”

மாயலோகம் சில நாட்கள் பூட்டியிருந்தது. அந்த நாட்களில் அவர் செய்ததையெல்லாம் பிந்து பிற்பாடு சொன்னார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு இடது காதைப் பொத்திக்கொண்டு நிற்பாராம். கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கி ஒவ்வொரு காதிலும் வைத்துப் பார்த்தாராம். “இத்தன வருசமா நான் வலப்பக்கம் படுத்துக்கிட்டு எவ்வளவு பறஞ்சிருக்கேன், சார். பாதி நாளு பதில் வராது. மனசில்லாம இருக்காருன்னு நெனச்சிட்டு, நானும் பொறம்திரும்பிப் படுத்திருக்கேன்.” இதைச் சொல்லும்போது பிந்து சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

மார்த்தாண்டத்தில் காது மருத்துவரிடம் போனபோது என்னையும் அழைத்தார்கள். ஒரு சாட்சி இருக்கட்டும் என்று குமாரதாஸ் நினைத்திருக்கலாம். சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் அவரை உட்காரவைத்து, தலையில் மாட்டியது என்ன? ஹெட்போன். வெளியே இருந்து பார்த்தேன். சோதனை தொடங்கும் முன்பே அவர் அதைக் கழற்றித் திருப்பி மாட்டினார். சோதிக்கும் பெண் உள்ளே போய்ச் சரியாக மாட்டினார். இவர் மறுபடி திருப்பினார். கடைசியில் இரண்டு விதமாகவும் சோதித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

“சின்ன வயசுல பொன்னுக்குவீங்கி வந்திருக்கா?” என்று மருத்துவர் கேட்டார்.

வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன்னால். தாடை வீங்கி, வேப்பிலை அரைத்துப் போட்டதாக வீட்டில் சொல்வார்கள்.

“அதுல போயிருக்கும். நரம்பு. ஒரு காது நல்லா இருக்கிறதுனால நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல. இனி அந்தக் காதுக்கு மெஷின் வச்சாலும் பிரயோஜனமில்ல. இருக்கிற காதைப் பத்திரமா பாத்துக்குங்க.”

“மெஷின் வேண்டான்னு டாக்டரே பறையுகாவ” என்று வெளியே வந்ததும் என் காதோரம் சொன்னார் குமாரதாஸ். “இவ்வளவு பெரிய ஆசுபத்திரி, மெஷின் விக்காம விடுகாவன்னா...” வாக்கியத்தை முடிக்கவில்லை. அந்தச் சந்தேகத்துக்கு அவரிடமே தெம்பில்லை.

பேருந்துக்காக நின்றோம். பிந்து ஆரஞ்சு வாங்கப் போயிருந்தார். குமாரதாஸ் சாலையைப் பார்த்தபடி கேட்டார்.

“சாறே, ரெண்டு செவியிலயும் கேட்டா எங்ஙன இருக்கும்?”

காதில் விழுந்ததையே சொன்னேன். “இப்ப பின்னால ஒரு ஆட்டோ வருது. எதிர்ப்பக்கம் பழம் விக்கிறவரு கத்துறாரு. அந்தந்தச் சத்தம் அந்தந்த இடத்தில இருக்கும்.”

“திரும்பிப் பாக்காமலே தெரியுமா, எங்க இருந்து வருகுன்னு?”

“தெரியும்.”

“நிச்சயமாட்டா? யாராவது பொறத்த நின்னு பறஞ்சா, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எல்லாம்?”

“கிட்டத்தட்டத் தெரியும்.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்தான்.”

ஆட்டோ எங்களைக் கடந்து போனது. அது கண்ணில் பட்டபோதுதான் அவர் தலை அந்தப் பக்கம் அசைந்தது.

“எல்லாரும் என்னப் போலத்தான் திரும்பித்திரும்பிப் பாத்துக் கண்டுபிடிக்கானுவன்னுல்லா நான் நெனச்சேன்” என்றார்.

மாயலோகம் மறுபடி திறந்தது. ஹெட்போன்தான் என்று முடிவாயிற்று. முன்பு திரும்பிப்போன இரண்டையும் ஸ்ரீஜித் மறுபடி கொண்டுவந்து கொடுத்தார். குமாரதாஸ் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் டீயும் ரசவடையும் வரவழைத்து, மோந்து பார்க்காமல் முதலில் அவர் பக்கம் நகர்த்தினார். ஸ்ரீஜித்தும் கணக்குத் தீர்ந்ததாக எடுத்துக்கொண்டு, விளையாட்டுக் கண்ணாடியின் அமைப்புகளுக்குள் போய், இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே காதில் தருகிற வழி ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டினார். இனி அண்ணாச்சியும் ஒன்றும் விடாமல் கேட்கலாம்.

குமாரதாஸ் கொஞ்ச நேரம் கேட்டார். “பேயி எங்க நிக்குன்னு இதில தெரியுமா?”

“அது தெரியாது. சத்தம் மட்டும் முழுசாக் கெடைக்கும்.”

“அப்பம் இதும் ஏமாத்துதான்” என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

காமிராக்கள் எல்லாம் அப்படியே இருந்தன. சுவரை ஒட்டிய நாற்காலியும் நகரவில்லை. மருத்துவர் சொன்னதை வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்று எனக்கும் பிந்துவுக்கும் கண்டிப்பான உத்தரவு. தெரிந்தால் வலப்பக்கமாக வந்து ஏமாற்றுவார்களாம். அப்போது நான் சொல்லவில்லை. பிந்து சொல்லிவிட்டார்.

அது தெரிந்த விதமும் காமிராவில்தான். சாலையைக் காட்டுகிற கட்டத்தில் பூவேன் வந்தது. வேகம் குறைந்தது. குறைந்து, பேக்கரி முன்னால் நின்றேவிட்டது. குமாரதாஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

“அவன் என்னத்துக்கு எறங்குகான்? பிந்து! நீ என்னத்தயாவது பறஞ்சியா?”

பிந்து வராந்தாவில் நின்றபடியே, மறைக்காமல், “பறஞ்சேன்” என்றார்.

“எனக்க செவிய ஊரு முழுக்க வித்திட்டியா?”

“ஊருக்குப் பறையல்ல. எனக்க தம்பிகிட்டப் பறஞ்சேன். ரெண்டு வருசமா ஒரு வண்டிக்க டயரப் பாத்துக்கிட்டு நிக்கேன் நான். அது போதும் எனக்கு.”

பிந்து குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் முறை. குமாரதாஸ் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் படிக்கட்டுக் கட்டத்துக்குள் ஆள் வந்தாயிற்று. அடுத்து வராந்தாக் கட்டம். அதற்கும் அடுத்து, வாசலிலேயே.

அனில்குமார் உயரமான ஆள். சட்டையில் பிச்சிப்பூ வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து வந்தன. யாரையும் பார்க்காமல், எதிர் அறைக் கதவில் சாய்ந்து நின்ற எனக்கு மட்டும் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். குமாரதாஸ் திரையைப் பார்த்தார். அனில்குமாரும் போய்ப் பக்கத்தில் நின்று, வேறு வழியில்லாமல், திரையைப் பார்த்தார். ஆளில்லாத கயிற்று வளையம் நான்கு கோணத்திலிருந்தும் அதில் தெரிந்தது.

அவர் போய் நின்றது குமாரதாஸின் வலப்பக்கம். அங்கே நின்றபடி, தலையைக் குனிந்துகொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அத்தான், அன்னைக்கி நான் ஒங்களப் பாத்துச் சிரிக்கல்ல. எனக்கு அழுவ வந்துது. நாலுபேரு முன்னால அழப்பிடாதேன்னு சிரிச்சேன்.”

வாசலில் நின்ற எனக்கு அது தெளிவாகக் கேட்டது. குமாரதாஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகம் நேராக இருந்தது. அனில்குமாரின் தாடை இறுகுவதைப் பார்த்தேன். பிந்து ஓர் அடி முன்னால் வந்தார்.

அப்போதுதான் குமாரதாஸ், திரையில் எதையோ கண்டவர்போல, முழு உடம்போடு வலப்பக்கம் திரும்பினார். மைத்துனரின் முகத்தை, உதட்டை, மறுபடி முகத்தைப் பார்த்தார். எழுந்து அவருடைய முழங்கைக்கு மேல் பிடித்தார். சுவரை ஒட்டியிருந்த நாற்காலியை முன்னால் இழுத்து, சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் பின்பக்கமாகவே நடத்திக் கொண்டுபோய், இடப்பக்கம் நிறுத்தினார்.

“இப்பம் பறஞ்சத அப்பிடியே திருப்பிப் பறையணும்” என்றார். “ஒரு வார்த்த மாத்தப்பிடாது.”

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அனில்குமாரின் வாயருகே இடது காதைக் கொண்டுபோய் வைத்தார்.